கொத்தனாரு வந்தாரு, சித்தாளு வந்துச்சு

வீடு கட்டும் இடத்தில் காலை ஒன்பது மணிக்குப் போய் நின்றால் இதைக் கேட்கலாம். "கொத்தனாரு வந்துட்டாரு. சித்தாளு இன்னும் வரலை. வந்துச்சுன்னா கலவை போடச் சொல்லு." கொத்தனாருக்கு வயது இருபத்தெட்டு இருக்கும். சித்தாளுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். இளையவருக்கு 'வந்தாரு', மூத்தவருக்கு 'வந்துச்சு'. பெயர்களிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. 'கொத்தனார்' என்பதன் வாலில் 'ஆர்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'சித்தாள்' என்றால் சிறிய ஆள். இப்படிப் பேசுகிறவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. யாரையும் தாழ்த்த வேண்டும் என்று நினைத்திருக்கவும் மாட்டார். அவர் நினைக்காமலேயே அந்த வேலை அவர் வாய் வழியாக நடந்து முடிந்துவிடுகிறது.

பணிவு என்பதை மனசுக்குள் இருக்கும் குணமாகவே பேசிப் பழகிவிட்டோம். தமிழில் அது காதில் விழும் சங்கதி. ஆங்கிலத்தில் முதலமைச்சரிடமும் 'யூ', முடிவெட்டுகிறவரிடமும் 'யூ'. தமிழில் அப்படி நழுவ முடியாது. முன்னிலையில் பேசினாலும், ஆளில்லாதபோது படர்க்கையில் பேசினாலும், வினைமுற்றை முடிக்கும் ஒவ்வொரு தடவையும் எதிராளிக்கு எவ்வளவு மரியாதை என்று முடிவு செய்தே ஆகவேண்டும். ஒரு நாளைக்குச் சில நூறு தடவையாவது அந்த முடிவை எடுக்கிறோம், யோசிக்காமல். எல்லோரையும் சமமாக மதிக்கிறேன் என்று சொல்கிற ஒருவரைச் சோதித்துப் பார்க்க அவர் மனசைத் திறந்து பார்க்க வேண்டாம். அரை நாள் கூடவே இருந்து அவருடைய வினைமுற்றுகளைக் கேட்டால் போதும்.

செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் ஒரு தொடர் உண்டு: 'ஒருமையில் பேசியதால் வாக்குவாதம்'. ஓர் அதிகாரியை யாரோ 'நீ' என்றிருப்பார், அல்லது ஓர் அரசியல்வாதி இன்னொருவரை 'அவன்' என்றிருப்பார். உடனே கண்டனம், விளக்கம், மன்னிப்பு. ஒருமையில் பேசுவது அவமானம் என்பது ஊருக்கே தெரிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். குப்பை வண்டி தள்ளுகிற அம்மாவை வாழ்நாள் முழுக்கத் தெருவே ஒருமையில் பேசுகிறது. அது செய்தியாவதில்லை. தெரியாமல் செய்கிறோம் என்று சொல்லித் தப்பிக்க இங்கே வழியில்லை.

இலக்கணத்தின் மீதும் பழியைப் போட முடியாது. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண முறைப்படி ஆனதல்ல என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே பிரித்து வைத்துவிட்டது. மரியாதைப் பன்மை புழங்கிப் புழங்கி வந்த பழக்கம் என்பது பழைய இலக்கணக்காரர்களுக்கே தெரியும். பழக்கம் என்றால் மாற்றக்கூடியது.

பெயர்களை இன்னும் கொஞ்சம் பார்ப்போம். 'காரன், காரி, காரர்' என்ற விகுதிகள் எங்கே எது வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் தொழில்களின் தரவரிசைப் பட்டியலே கிடைத்துவிடும். பால்காரன், ஆட்டோக்காரன், மீன்காரி, பூக்காரி, வேலைக்காரி. ஆனால் வீட்டுக்காரர். கணவரைச் சொன்னாலும் வாடகைக்கு விட்டவரைச் சொன்னாலும் 'எங்க வீட்டுக்காரர்'தான். சண்டை வந்தால் மட்டும் 'வீட்டுக்காரன்'. டாக்டர், வக்கீல், என்ஜினீயர் எல்லாம் இந்தச் சிக்கலிலேயே மாட்டவில்லை. அவற்றுக்கு 'ன்' போட வழியே இல்லை. எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. டீக்கடையில் டீ ஆற்றுகிறவருக்கு 'மாஸ்டர்' என்று பெயர் வைத்திருக்கிறோம். யார் வைத்தார்களோ, நல்ல மனுஷர். 'மாஸ்டர், ஒரு டீ' என்று சொல்லும்போது வாய் தானாகவே 'போடுங்க' என்று முடிக்கிறது. மேசை துடைக்கிற பையனுக்கு அப்படி ஒரு சொல் இல்லை. அவனுக்கு 'டேய் தம்பி'தான்.

அரசாங்கமும் சொற்களை மாற்றிப் பார்க்கிறது. மாற்றுத்திறனாளி, திருநங்கை ஆகிய சொற்கள் நிலைத்துவிட்டன. துப்புரவுப் பணியாளர் தூய்மைப் பணியாளர் ஆனார். ஒதுக்கிவைத்த குடியிருப்புக்கு அடையாளமாகிவிட்ட 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இவை தேவையான வேலைகள்தான். ஆனால் பெயரை மாற்றிவிட்டு வினைமுற்றை அப்படியே விட்டால் 'தூய்மைப் பணியாளர் வந்துச்சா?' என்று வாக்கியம் கோணலாகிப்போகும். பலகையில் இருக்கும் மரியாதை வாயில் வந்து சேராது.

இனி மாற்றும் வழி. முதலில் ஒரு நாள் கணக்கெடுப்பு. எதையும் மாற்ற வேண்டாம்; காலையிலிருந்து இரவு வரை பேசிய எல்லோரையும் ஒரு தாளில் எழுதுங்கள். பால் போடுகிறவர், பேப்பர் பையன், குப்பை வண்டி, வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் அம்மா, ஆட்டோ, டீக்கடை, வங்கி, மேலதிகாரி, டாக்டர், சாப்பாடு கொண்டு வந்தவர். பக்கத்தில் இரண்டு பத்தி. நான் அவரிடம் 'வா'வா 'வாங்க'வா, அவர் என்னிடம் 'வா'வா 'வாங்க'வா. மூன்றாவதாக வயது, குத்துமதிப்பாக. இரண்டு பத்தியும் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை: இருபக்கமும் 'நீ' என்றால் நட்பு, இருபக்கமும் 'நீங்க' என்றால் மரியாதை. ஒரு பக்கம் 'வா', மறுபக்கம் 'வாங்க', அதிலும் 'வா' வாங்குகிறவர் வயதில் மூத்தவர் என்றால் அந்த வரியில் ஒரு புள்ளி வையுங்கள். பெரும்பாலான நடுத்தர வீடுகளில் மூன்று நான்கு புள்ளிகளாவது விழும். அந்தப் புள்ளிகள்தான் வேலை செய்ய வேண்டிய இடம்.

விதி ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டால் போதும்: அவர் எனக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக நான் அவருக்குக் கொடுக்கக் கூடாது.

புதிதாகப் பார்க்கிறவர்களிடம் தொடங்குவது எளிது. பழைய பாக்கி எதுவும் இல்லை. புது வாட்ச்மேன், புதிதாக வந்த தண்ணீர் கேன் போடுகிறவர், முதல்முறை ஏறும் ஆட்டோ. இவர்களிடம் முதல் வார்த்தையே 'ங்க'வோடு வரட்டும். கட்டளைச் சொற்களில் பத்து மட்டும் பழகினால் அன்றாடப் பேச்சின் பெரும்பகுதி அடங்கிவிடும்: வாங்க, போங்க, எடுங்க, வைங்க, கொடுங்க, சொல்லுங்க, பாருங்க, இருங்க, உட்காருங்க, கேளுங்க. 'நீங்க' என்ற சொல் அவ்வளவு முக்கியமில்லை. தமிழில் எழுவாயை விழுங்கிவிட்டே பேசிவிடலாம். வினையின் வால்தான் முக்கியம்.

பத்து வருஷமாக 'நீ' என்று பேசிவந்தவரிடம் மாற்றுவதுதான் கஷ்டம். அதில் தவறுகிற இடமும் அதிகம். தமிழில் நெருக்கமானவர் திடீரென்று 'நீங்க' என்றால் அதற்குக் கோபம் என்று அர்த்தம். கணவன் மனைவி சண்டையில் 'சரிங்க, நீங்க சொன்னா சரிதாங்க' என்று வருவதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். வீட்டு வேலைக்கு வருகிறவர் இரண்டு நாள் வராமல் மூன்றாம் நாள் வந்து நிற்கும்போது நீங்கள் 'வாங்க' என்றால் அது குத்தலாகத்தான் விழும். சம்பளப் பேச்சு நடந்த வாரத்திலும் மாற்றக் கூடாது, கணக்குத் தீர்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். பிசகில்லாத, சும்மா ஓடுகிற ஒரு வாரத்தில் தொடங்க வேண்டும். தொலைபேசியில் தொடங்குவது இன்னும் நல்லது. முகம் தெரியாத இடத்தில் 'எங்க இருக்கீங்க, எத்தனை மணிக்கு வர்றீங்க?' என்பது இயல்பாக வரும். பிறகு நேரில் கேள்விகள்: 'சாப்டியா' போய் 'சாப்ட்டீங்களா'. கட்டளைகள் கடைசியில். வேலை சொல்லும்போது வருகிற ஒருமைதான் நாக்கில் ஆழமாக ஊறியிருக்கும்.

எதிர்ப்பு அவரிடமிருந்தே வரலாம். "என்னம்மா புதுசா வாங்க போங்கன்னு? நீன்னே சொல்லு, அதான் நல்லாருக்கு." இதைக் கேட்டதும் பலர் நிம்மதியாகப் பழையபடி ஆகிவிடுகிறார்கள், அவரே கேட்டுக்கொண்டார் என்று. 'அப்ப நீங்களும் என்னைப் பேர் சொல்லி நீன்னே கூப்பிடுங்க' என்று சொல்லிப் பாருங்கள். சரி என்றால் கணக்கு நேராகிவிட்டது, இருவரும் 'நீ'. மாட்டேன் என்றால், அவருக்கு அந்த உரிமை இன்னும் பயமாக இருக்கிறது என்று பொருள். உங்கள் 'ங்க' தொடரட்டும். மூத்தவர் தானாகவே உங்களை 'வா கண்ணு' என்றால் அதைத் திருத்தப் போகாதீர்கள். அது வயதின் பாசம், தரத்தின் கணக்கில் சேராது.

அதிகமாகப் போய்விடுவதும் ஒரு தவறுதான். 'தயவுசெய்து', 'நன்றி' என்ற இரண்டும் பேச்சுத் தமிழில் மேடைச் சொற்கள். சமையலறையில் சொன்னால் நாடகம் மாதிரி இருக்கும். கோரிக்கையை மென்மையாக்க நமக்கு வேறு வழிகள் உண்டு: 'கொஞ்சம் எடுத்துக் கொடுங்களேன்', 'இதை மட்டும் பார்த்துருங்க'. விடை கொடுக்கும்போது 'போயிட்டு வாங்க' போதும். வெறும் 'சரி, போ' என்பதற்கும் இதற்கும் இடையில் ஒரு மனுஷருக்குரிய தூரம் இருக்கிறது.

படர்க்கைதான் உண்மையான பரீட்சை. எதிரே நிற்கும்போது 'வாங்கக்கா' என்பவர், அவர் படி இறங்கியதும் 'அவ இன்னிக்குப் பாத்திரமே சரியா தேய்க்கலை' என்பார். முகத்துக்கு நேரே தருவது நாகரிகம். முதுகுக்குப் பின்னால் தருவதைத்தான் மரியாதை என்று கணக்கில் சேர்க்க வேண்டும். குழந்தைகள் கற்றுக்கொள்வதும் இந்தப் படர்க்கையிலிருந்துதான். 'டிரைவர் வந்தானான்னு பாரு' என்று அப்பா சொல்லிக் கேட்ட ஏழு வயதுப் பிள்ளை நாற்பத்தைந்து வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்ல முடியாது.

இங்கே 'வந்துச்சு' பற்றிக் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் அது எப்போதும் அவமதிப்பு இல்லை. மதுரைப் பக்கமும் தஞ்சைப் பக்கமும் 'அக்கா வந்துச்சு', 'பாப்பா சொல்லுச்சு' என்று சொந்தங்களையே அஃறிணையில் சொல்வார்கள். நன்னூல் இதை அழகாகப் பிடித்திருக்கிறது: உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல் (கோபம்), இழிப்பு இந்த ஐந்தின் காரணமாகப் பாலும் திணையும் மாறுவது இயல்பு என்கிறது. மகிழ்ச்சிக்கும் இழிவுக்கும் ஒரே வடிவம்! அப்படியானால் எது எது என்று எப்படித் தெரியும்? அதே வாக்கியத்தில் ஆளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். 'டாக்டரம்மா வந்துச்சா?' 'மேனேஜர் சொல்லுச்சு.' வாய் கூசினால், சித்தாளுக்குப் போட்டதும் உவப்பால் போட்டதில்லை.

உறவுமுறைச் சொற்களிலும் இதே ஏமாற்று உண்டு. 'அக்கா', 'அண்ணே', 'ஆயா' என்று கூப்பிட்டுவிட்டால் மரியாதை கொடுத்தாயிற்று என்று தோன்றும். 'ஆயா, இங்க வா, இதைத் துடை' என்ற வாக்கியத்தில் ஆயா என்பது பாட்டியைக் குறிக்கவில்லை, பதவியைக் குறிக்கிறது. பேச்சில் மரியாதைக்குப் பேர் வாங்கிய கொங்கில் குழந்தையைக்கூட 'வாங்க சாமி' என்று கொஞ்சுவார்கள். நெல்லையில் நடுவாந்தரமாக 'வாரும்' இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் நீ, நீர், நீங்கள் என்று படிக்கட்டு உண்டு, 'வாங்கோ' வரை ஏறலாம். எந்த வட்டாரமாக இருந்தாலும் ஊருக்குள் யாருக்கு அந்தச் சொல் போய்ச் சேரவில்லை என்று பார்க்க வேண்டும். சாதி வயதைத் தலைகீழாக்கும் இடம் அது. எழுபது வயதுப் பெரியவர் பத்து வயதுப் பையனைச் 'சின்னையா' என்பதும், அந்தப் பையன் அவரைப் பெயர் சொல்லி 'டேய்' என்பதும் பழைய காலத்துக் கதை மட்டுமல்ல. ஒருமையில் பேசுவது தனியாகக் குற்றமில்லை என்றாலும், பொதுமக்கள் பார்வையில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களைச் சாதிப்பெயர் சொல்லி வைவதும் வேண்டுமென்றே அவமானப்படுத்துவதும் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி ஆறு மாதத்திலிருந்து ஐந்து ஆண்டு வரை சிறை.

பெயர் கேட்பதிலும் கவனம் வேண்டும். ஒருவரைத் தொழில் பெயரால் கூப்பிடாமல் சொந்தப் பெயரால் கூப்பிட வேண்டும் என்பது நல்ல அறிவுரை. ஆனால் தமிழ்நாட்டில் பெயர் கேட்பவர் பெரும்பாலும் அதோடு நிறுத்துவதில்லை. 'எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு? உங்க குலதெய்வம் எது?' நாலாவது கேள்விக்குள் எதிராளிக்குத் தெரிந்துவிடும், விசாரிப்பது வேறொன்று என்று. பெயரைக் கேளுங்கள், உங்கள் பெயரையும் சொல்லுங்கள், நிறுத்துங்கள்.

இதற்கெல்லாம் மாறாக, எல்லோரையும் 'நீ' என்று இறக்கிச் சமன் செய்தால் என்ன என்று கேட்கலாம். அப்படிச் செய்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நீதிபதியையும் பிரபுவையும் ஒருமையில்தான் அழைப்போம் என்று பிடிவாதமாக நின்று அடியும் சிறையும் பட்டார்கள். சுவீடனில் 1967இல் மருத்துவ நிர்வாகத் துறையின் தலைவராக வந்த புரோர் ரெக்செத், ஊழியர்கள் எல்லோரையும் 'து', அதாவது 'நீ' என்றே அழைக்கப் போவதாகவும் தன்னையும் அப்படியே அழைக்கலாம் என்றும் அறிவித்தார். அந்த அலையில் நாடே மரியாதைப் பட்டங்களைக் கழற்றிப் போட்டது. நமக்கு இது ஒத்துவராது என்பது என் கணிப்பு. நூற்றாண்டுகளாக 'வா' மட்டுமே வாங்கியவர்களுக்கு, 'இனி எல்லோரும் வா' என்று சொன்னால் கிடைப்பது ஒன்றுமில்லை. அவர்கள் இன்னும் 'வாங்க'வையே பார்க்கவில்லை. ஏற்றிச் சமன் செய்வதுதான் இங்கே வழி.

வட மாநிலத் தொழிலாளர்களிடம் இந்த விஷயத்தில் நாம் செய்வது தனி அநியாயம். 'அவங்களுக்குத் தமிழ் தெரியாது, ங்க போட்டா என்ன, போடலைன்னா என்ன' என்பது சாக்கு. ஆனால் மொழி தெரியாதவருக்குத் தொனி நன்றாகவே தெரியும். தமிழ் கற்றுக்கொள்ளும்போதும் அவர்கள் முதலில் கற்பது நாம் அவர்களிடம் பேசுவதைத்தான். அப்புறம் அவர் கடை முதலாளியிடம் 'நீ வா' என்று சொல்லிவிட்டு வசவு வாங்குவார். சின்ன முயற்சி போதும்: இந்தியில் 'ஆப்', வங்காளத்தில் 'ஆப்னி', ஒடியாவில் 'ஆபண'. மூன்றும் மரியாதை முன்னிலை. ஒன்று தெரிந்தால் மற்றது பிடிபட்டுவிடும். 'பைட்டோ' என்பதை 'பைட்டியே' ஆக்கினால் 'உட்காரு' 'உட்காருங்க' ஆகிறது. 'பையா' என்றால் அங்கே அண்ணன். நம் வாயில் அது 'பையன்' என்ற பொருளில் உருள்கிறது, கொஞ்சம் கவனித்துக்கொள்ளலாம்.

பேச்சு சரியானாலும் பொருட்கள் காட்டிக்கொடுக்கும். இரட்டைக் குவளை என்றதும் கிராமத்து டீக்கடை நினைவுக்கு வரும். அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. கடைகளில் பாத்திரத்தைப் பிரித்து வைப்பது 1955 குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். காகிதக் குவளை வந்தபின் சில கடைகளில் இந்தச் சங்கடம் ஓசையில்லாமல் மறைந்தது. எல்லோருக்கும் காகிதம் என்றால் கேட்க ஆளில்லை. நகரத்து வீட்டு ஜன்னல் திண்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அந்த ஒற்றை டம்ளரை என்ன சொல்வது? அதைச் சொல்லித்தரப் புத்தகம் இல்லை, எல்லோருக்கும் அது யாருடையது என்று தெரியும். தீர்வு எளிது. ஒரே மாதிரி டம்ளர் ஒரு டஜன் வாங்கி ஒரே தட்டில் அடுக்குங்கள். அடையாளம் வைக்க முடியாதபோது பிரித்துவைக்கவும் முடியாது. அவர் தூக்கி ஊற்றிக் குடித்தால் அது வேறெங்கோ பட்ட சூடு. 'வாய் வச்சே குடிங்க' என்று ஒருமுறை சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள்.

நாற்காலியும் அப்படித்தான். 'உட்காருங்க' என்றதும் பலர் தரையில் உட்காருவார்கள். இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தால் அவருக்கு அவஸ்தை, அந்த நாற்காலி நுனியில் தொக்கிக்கொண்டு சாப்பிடுவார். நாற்காலியின் மேல் இருக்கும் துணி, பேப்பர், பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் காலியாக வையுங்கள்; அவர் தரையில் உட்கார்ந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். நாலைந்து தடவைக்குள் ஏதோ ஒரு மட்டத்தில் இருவரும் வந்து நிற்பீர்கள். கடைகளில் இதற்குச் சட்டமே தேவைப்பட்டது. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு உட்காரும் உரிமை கேட்டுக் கோழிக்கோட்டில் எழுந்த போராட்டத்தால் கேரளம் 2018இலும், அடுத்துத் தமிழ்நாடு 2021இலும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கை தரவேண்டும் என்று ஆக்கின. இருக்கை போட்டிருந்தும் உட்கார முடியாததற்கு ஒரு காரணம் வாடிக்கையாளர். நாம் உள்ளே நுழைந்ததும் அவர் துள்ளி எழவில்லை என்றால் முகம் சுளிக்கிறோம். 'பரவால்ல, உட்கார்ந்தே காட்டுங்க' என்பதற்குப் பணம் ஆகாது.

என்னைக் கேட்டால், வினைமுற்றுக்கு அடுத்தபடியாக மரியாதையை அளக்கச் சரியான இடம் குப்பைத்தொட்டி. அடுத்த கை அதில் நுழையப்போகிறது என்ற நினைப்பு இருக்கிறதா என்பதைத் தொட்டி சொல்லிவிடும். மாதவிடாய் நாப்கின், குழந்தை டயப்பர் இரண்டையும் அவற்றோடு வரும் உறையிலோ செய்தித்தாளிலோ நன்றாகச் சுற்றித் தனியாகத் தர வேண்டும். சுற்றித்தான் தர வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. சுற்றிய பொட்டலத்தில் பேனாவால் சிவப்பாக ஒரு பெரிய புள்ளியோ பெருக்கல் குறியோ போட்டால் பிரிப்பவர் அதைத் திறந்து பார்க்க மாட்டார். உடைந்த கண்ணாடியைப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டினால் அது பையைக் கிழித்துக் கொண்டு தொடையில் குத்தும், ஏனென்றால் பையைத் தூக்குகிறவர் உடம்போடு ஒட்டித்தான் தூக்குவார். நாலைந்து மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் வைத்து, டேப் ஒட்டி, மேலே 'கண்ணாடி' என்று எழுதி, கையில் கொடுத்துச் சொல்ல வேண்டும். இன்சுலின் ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மூடி இறுக்கி வையுங்கள். மூடியைத் திரும்ப ஊசியில் மாட்டப்போய்க் குத்திக்கொள்வது வேறு விபத்து. பிளேடுக்குப் பழைய தீப்பெட்டி போதும். ஈரக்குப்பையை மட்டும் பையில் கட்டி முடிச்சுப் போட்டுத் தராதீர்கள். அந்த முடிச்சை அவர் அவிழ்த்தாக வேண்டும், பெரும்பாலும் கையுறை இல்லாமல். மாடியிலிருந்து பையை வீசுவது பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் வீசுகிறார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 'வேலையாட்களும் டெலிவரி ஆட்களும் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கழற்றச் சொல்லிச் சங்கக் கூட்டத்தில் பேசுவது தனிமனிதப் பணிவைவிடப் பெரிய காரியம். வாட்ச்மேனுக்கு ஒரு விசிறி, முதுகு சாயும் நாற்காலி, குடிதண்ணீர் என்று கேட்பவர்கள், அவரும் வேலைக்கு வரும் பெண்களும் போக ஒரு கழிப்பறை வேண்டும் என்பதைக் கூட்டத்தின் முதல் பொருளாகச் சேர்க்கச் சொல்லுங்கள். எட்டு மணி நேரம் அடக்கிக்கொள்கிறார்கள், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். மரியாதை பற்றிய எந்தப் பேச்சும் அதற்கு அப்புறம்தான்.

'எங்க வீட்டு மனுஷி மாதிரிதான் பார்த்துக்கறோம்' என்ற வாக்கியத்தை நான் நம்புவதில்லை. வீட்டு மனுஷிக்கு வார விடுமுறை கிடையாது, நேரம் கிடையாது, சம்பளத் தேதி கிடையாது. அந்தச் சலுகைகளைத்தான் இந்த வாக்கியம் வேலைக்கு வருகிறவருக்கும் நீட்டிக்கிறது. வீட்டுப் பணியாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2011 ஒப்பந்தம் வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு என்கிறது. இந்தியா இன்னும் அதை ஏற்றுறுதி செய்யவில்லை. ஏற்காவிட்டால் என்ன, உங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையை நீங்களே ஏற்கலாம். சம்பளத்தை அவர் கேட்கும் முன் கொடுப்பது, எண்ணிக் கையில் கொடுப்பது, மேசையில் தள்ளாமல் இருப்பது. நேற்றைய குழம்பை விருந்தாளிக்கு வைக்க மாட்டீர்கள் என்றால் அவருக்கும் வைக்காதீர்கள். கொடுக்கிற பழைய துணி துவைத்து, பட்டன் தைத்து, 'இது உங்களுக்கு ஆகுமா?' என்று கேட்டபின் போகட்டும், சம்பளத்தில் பிடிக்காமல்.

கணக்கெடுத்த தாளில் இன்னொரு வகை வரியும் இருக்கும், அதை யாரும் கவனிப்பதில்லை. மேலே போகும் மரியாதை. டாக்டரிடம் ஒரு வாக்கியத்துக்கு மூன்று 'சார்'. அலுவலகத்தில் நாற்காலி காலியாக இருக்கும்போதும் கைகட்டி நிற்பது. பெரிய மனுஷர் வந்தால் தோள் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிய காலத்தின் மிச்சம் உடம்பில் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே அளவு என்றால், கீழே ஏற்ற வேண்டும், மேலே வழிவதையும் கொஞ்சம் வடிக்க வேண்டும். ஒரு 'சார்' போதும், மற்ற இரண்டும் கீழே தேவைப்படுகிறது.

நாக்கு தவறும். பழைய 'வா' பாதி வெளியே வந்துவிட்டால் அங்கேயே பிடித்து 'ங்க'வைச் சேர்த்துவிடுங்கள்: 'வா... ங்க'. கேட்பவருக்கு அந்தச் சின்ன இடைவெளி நன்றாகவே கேட்கும். மன்னிப்புக் கேட்டு அதை ஒரு நிகழ்ச்சி ஆக்க வேண்டாம், வேலையைத் தொடருங்கள்.

வீடு கட்டுகிறவர்கள் இதையும் செய்யலாம். மேஸ்திரியின் கூலி நோட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். கொத்தனார் பெயர் எழுதியிருக்கும். கீழே பெரும்பாலும் 'சித்தாள் 3' என்று எண்ணிக்கை மட்டும். அந்த மூன்று பேரின் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் கூலி போடும்போது நோட்டைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். 'ஏய், சித்தாளு' என்பதற்குப் பதிலாக மேஸ்திரியின் வாயில் 'செல்வியக்கா, வாங்க' என்று வர முதல் வாரம் கொஞ்சம் தடுமாறும்.